டிக்கெட் நகர்ந்த புத்தகம்

அத்தியாயம் 11

போன வாரம் சித்ரலேகாவைக் கடைச் சாவியும் கையுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவள் அதற்கப்புறம் தூங்கவே இல்லை.

காரணம், பூட்டுவதற்கு முன்னால் அவள் செய்த காரியம். மேல்தட்டிலிருந்து 'மூன்றாம் மடை' நாவலை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த பஸ் டிக்கெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். கதையில் மடைக்காவல்காரர் மகள் சொர்ணம் பக்கத்து வீட்டுக்கு விளக்கெண்ணெய் இரவல் கேட்டுப் போகிற பக்கம். பிறகு முன்கதவைப் பூட்டினாள், பின்கதவைப் பூட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டாள். விடிந்ததும் டிக்கெட் நகர்ந்திருந்தால் கடைக்குள் மனிதர் அல்லாத ஒருவர் வாசிக்கிறார் என்று அர்த்தம். பி.எஸ்சி. படித்த பெண்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த டிக்கெட்டை வைத்தவன் அவள் தம்பி குமரகுருபரன்.

தொண்ணூற்றிரண்டாம் வருசம் ஐப்பசியில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததே, அன்றைக்குக் கடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், "ஆத்தைப் பாத்துட்டு வந்திருதேன்" என்று சட்டைப் பையிலிருந்த டவுன் பஸ் டிக்கெட்டைப் பக்கத்துக்கு நடுவே வைத்துவிட்டுப் போனான். வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்தபோது அவன் அப்பா ஐயம்பெருமாளின் மீனாட்சிபுரத்துப் புத்தகக் கடையின் கீழ்த்தட்டெல்லாம் கூழாகிக் கிடந்தது. மேல்தட்டில் 'மூன்றாம் மடை' மட்டும் நனையாமல் இருந்தது. டிக்கெட்டும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் டிக்கெட் நகர ஆரம்பித்தது. தினமும் இல்லை. சில நாள் ஒரு பக்கம், சில நாள் நாலு பக்கம். முதலில் கண்டுபிடித்தவள் அம்மா கோமு. "எம்புள்ள வாசிக்கான்" என்றாள். அன்று முதல் கடையை அடைத்துவிட்டு மாடியேறும் சித்ரலேகாவிடம் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஏட்டி, இன்னைக்கு எங்கன இருக்கான்?"

சித்ரலேகா பக்கத்தைச் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னால் சில்லிடும். மாடியில் அம்மா, கீழே கடை, நடுவில் இருட்டுப் படிக்கட்டு. ஈரக் காகித வாசனை அந்தப் படிக்கட்டை விட்டு இன்னும் போகவில்லை.

அந்தப் புத்தகத்தை ஏன் எடுத்து ஒளித்துவைத்துவிடக் கூடாது என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்பது சுலபம். ஐயம்பெருமாள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே காசில்லாதவர்கள் நின்றுகொண்டே வாசிக்கலாம். விட்ட இடத்தில் எதையாவது அடையாளம் வைத்துவிட்டுப் போகலாம். அடையாளம் வைத்த புத்தகத்தை யாருக்கும் விற்கக் கூடாது, எழுதியவருக்குத் திருப்பியும் கொடுக்கக் கூடாது, வைத்தவர் வந்து முடிக்கிறவரை அது அங்கேயே இருக்கும். மேலப்பாளையத்திலிருந்து வருகிற நெசவாளி அகமது மீரான் ஒரு துப்பறியும் நாவலுக்குள் பச்சை நூல் வைத்துவிட்டு நோன்பு மாதம் முழுக்க வரவில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் பெருநாள் வரை அந்தப் புத்தகம் காத்துக் கிடந்தது. நல்ல விலை சொல்லிக் கேட்ட ஒரு வக்கீலுக்குக்கூட ஐயம்பெருமாள் கொடுக்கவில்லை. "வாசிச்சுக்கிட்டு இருக்காவ அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டார்.

சொந்த மகன் வைத்த டிக்கெட்டுக்கு மட்டும் வேறு சட்டமா?

ஆனால் நாவல் முடியப்போகிறது. சொர்ணத்தின் கதையில் இன்னும் ஒரு விரற்கடைத் தாள்தான் பாக்கி. அது தீர்ந்துபோன பிறகு அம்மா என்ன ஆவாள் என்பதுதான் சித்ரலேகாவைத் தூங்கவிடாத கேள்வி.

பால்காரர் வருவதற்கு முன்பே அவள் பையப் படியிறங்கினாள். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே பல்பு எரிந்தது.

அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வெற்றுடம்பு, வேட்டி, மூக்குக்கண்ணாடி, கையில் 'மூன்றாம் மடை'. அரைஞாண் கயிற்றில் கடையின் மாற்றுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாவியை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். பேயைப் பிடிக்கக் கிளம்பியவளுக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை. டிக்கெட் பேச்சை எடுத்தாலே, "உங்கம்மைக்குத்தான் கிறுக்குன்னா உனக்குமா?" என்று எரிந்துவிழுகிற மனுசர் அவர்.

ஐயம்பெருமாள் உதடு அசைய வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். டிக்கெட்டை வைக்கப்போய், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் வைத்தார்.

"எப்பா."

அவர் கையிலிருந்து புத்தகம் நழுவப் பார்த்தது. மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாத. அம்மை முழிச்சிருவா."

"இத்தனை நாளும் நீங்கதானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"எதுக்குப்பா இப்பிடிச் செஞ்சிய? நான் ஒவ்வொரு நாளும் இந்தப் படியேறும்போது செத்துச் செத்துப் பொழைக்கேன். அவந்தான் வந்து நிக்கானோன்னு..."

"வேணும்னு செய்யலட்டி." ஐயம்பெருமாள் முக்காலியில் உட்கார்ந்தார். "வெள்ளத்துக்குப் பொறவு இந்தத் தட்டைத் தொடைச்சேன். புத்தகம் கை தவறிட்டு. டிக்கெட்டு கீழ விழுந்துட்டு. எந்தப் பக்கம்னு தெரியல. அவன் கடைசியா தொட்ட பக்கம்லா? தேடித் தேடிப் பாத்தேன். குத்துமதிப்பா ஒரு எடத்துல வச்சேன். தள்ளி வச்சிட்டேன் போல. உங்கம்மை அந்தப் பக்கத்தைத் தினமும் வந்து தடவிப் பாக்குதவ. கடை அடைச்சபொறவு வந்து பாத்தா. 'இங்கன இல்லையே, தாண்டிட்டானே'ன்னா."

"சொல்லியிருக்கலாம்லா, கை தவறிட்டுன்னு?"

"அன்னைக்குத்தான்ட்டி அவ ஒரு வாய் சோறு தின்னா. திங்கிற சோத்துல மண்ணள்ளிப் போடவா?"

சித்ரலேகாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருசமாய் இந்த வீட்டில் செத்தவனுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்திருக்கிறாள். அதிலும் பொய்த் தபால்.

"சரி, இப்ப என்னத்துக்குத் தள்ளித் தள்ளிப் போய் வச்சிய? எங்கன வச்சா என்ன?"

"அங்கன சண்டை நடக்கு. சண்டைக்கு நடுவுல அவன் நிறுத்தமாட்டான். அடிச்சவன் ஓடுனபொறவுதான் நிறுத்துவான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சித்ரலேகாவின் கோபம் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐயம்பெருமாள் அவளைத் தேற்றவில்லை. அவருக்கு அது வராது. புத்தகத்தைத் தட்டில் வைத்து, அதன் முதுகு மற்றப் புத்தகங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பார்த்தார்.

"இது முடியப் போவுது சித்ரா. என்னால இதுக்கு மேல ஆவாது. நாளைக்கு ஆடி அமாவாசை. ஆத்தங்கரை குறுக்குத்துறையில ஐயர்கிட்டச் சொல்லிட்டேன். எள்ளுந் தண்ணியும் விட்டுருதேன். அவன் எனக்கு விடணும். நான் அவனுக்கு விடுதேன். என்ன செய்ய?"

"அம்மா?"

"நீதான் கூடமாட இருந்து பாத்துக்கிடணும்" என்றார். பெரிய பாரத்தைக் கைமாற்றிவிட்டவர் போலப் பல் விளக்கப் போய்விட்டார்.

மாடியில் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் விசயத்தைச் சொன்னார். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாழைக்காய், அகத்திக்கீரை, எள் எல்லாம் சாயங்காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும் என்றார்.

கோமு தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு எள்ளு?"

ஐயம்பெருமாள் தண்ணீர் குடித்தார்.

"கேக்கேம்லா, யாருக்கு எள்ளு? கீழ நின்னு வாசிச்சுக்கிட்டு இருக்க புள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் எறைப்பியளோ? ஊரான் வச்ச நூலுக்கு நோன்பு முடியுத வரைக்கும் காத்துக் கெடந்தீய. பெத்த புள்ள வச்ச டிக்கெட்டுக்கு உங்க சட்டம் செல்லாதோ?"

"கோமு, ரெண்டு வருசம் ஆவப்போவுது..."

"ஆவட்டும். அவன் முடிக்கட்டும். முடிச்சிட்டான்னா நானே வந்து எள்ளைப் பொறுக்கித் தாரேன். அதுக்கு முந்தி இந்த அடுப்புல வாழைக்கா வேகாது."

அதோடு பேச்சு முடிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் இரண்டாவது தோசை கேட்கவில்லை.

சித்ரலேகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். 'சொல்லிவிடுங்களேன்' என்றது அவள் பார்வை. அவர் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். முப்பது வருசமாய் மற்றவர்கள் எழுதியதையே எடுத்துக் கொடுத்துப் பழகிய மனுசர். சொந்தமாய் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய இடத்தில் எப்போதும் படியிறங்கிப் போய்விடுவார்.

சனிக்கிழமை என்றால் கடைக்கு எழுத்தாளர்கள் வருகிற நாள். தங்கள் புத்தகம் விற்றதா என்று நேராகக் கேட்க மாட்டார்கள். மழை, வெயில், பஸ் நெரிசல் எல்லாம் பேசுவார்கள். பேசிக்கொண்டே தங்கள் புத்தகத்தைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்த்துவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஐயம்பெருமாள் அதைப் பழைய இடத்தில் வைப்பார். வைப்பாரே தவிர யாரிடமும் சொல்லிக்காட்ட மாட்டார். 'உம்ம புத்தகத்தை ஒரு பொண்ணு எடுத்துப் பாத்துட்டுப் போச்சு வே' என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டு ஒரு வாரம் உயிர் வாழ்கிற எழுத்தாளர்கள் இந்த ஊரில் உண்டு.

அன்று மத்தியானம் வெயில் சாயும் நேரத்தில் வந்தவர் பாக்கியசீலன். பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 'மூன்றாம் மடை' நாவலை எழுதிய மகானுபாவர் அவர்தான்.

பன்னிரண்டு வருசம் எழுதி, மனைவியின் வளையலை விற்று அச்சுப் போட்டார். ஒருவரும் வாங்கவில்லை. கொக்கிரகுளத்து வீட்டில் கட்டுக் கட்டாய் அடுக்கியிருந்த அத்தனையையும், கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து, அதே வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சியது ஐயம்பெருமாள் கடைத் தட்டில் இருந்த ஒன்றுதான்.

"வாரும் சார்வாள்" என்றார் ஐயம்பெருமாள்.

"உக்கார நேரமில்லை அண்ணாச்சி." பாக்கியசீலன் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. எதையும் முன்வரிசைக்கு நகர்த்தவும் இல்லை. "கோயம்புத்தூருக்கு மகன்கூடப் போறேன். திங்கக்கிழமை ரயிலு. அந்த ஒண்ணை எடுத்துக்கிடலாம்னு வந்தேன்."

"எதை?"

"எதுவா? என் புத்தகத்தைத்தான். யாரும் தொடாத பொருள் உங்க தட்டை எதுக்கு அடைச்சுக்கிட்டுக் கெடக்கணும்? பேரன் பேத்தி பாக்கட்டும், தாத்தா இப்பிடி ஒரு கிறுக்குத்தனம் பண்ணியிருக்காருன்னு."

சித்ரலேகா ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் ஓடி மறைந்ததை அவள் பார்த்தாள். எழுதியவரே வந்து கேட்கிறார். கொடுத்துவிட்டால் டிக்கெட்டும் இல்லை, பொய்யும் இல்லை. நாளைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிடலாம். கோமுவிடம், 'சார்வாள் எடுத்துட்டுப் போயிட்டாரு' என்று சொன்னால் போதும்.

ஐயம்பெருமாள் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை.

"சித்ரா, சாருக்குக் காப்பி வாங்கிட்டு வா" என்றார். கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது அவருக்கு. பிறகு என்ன நினைத்தாரோ, "இருங்க சார்வாள், முகத்தைக் கழுவிட்டு வந்திருதேன்" என்று அவரும் பின்பக்கம் போய்விட்டார். அழப் போனாரா, முகம் கழுவத்தான் போனாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆக, பாக்கியசீலனும் அவர் எழுதிய புத்தகமும் மட்டும் கடையில் இருந்தார்கள்.

சித்ரலேகா தூக்குச்சட்டியில் காப்பியோடு திரும்பியபோது கடைக்குள் ஒரு குரல் கேட்டது. வெள்ளத்துக்குப் பிறகு, வியாபார நேரத்தில், அந்தக் குரலைக் கடைக்குள் அவள் கேட்டதே இல்லை.

"நீங்கதானா எழுதுனது?"

அம்மா. மேசைக்கு அந்தப் பக்கம் பாக்கியசீலன் எழுந்து நிற்கிறார். இந்தப் பக்கம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கோமு. நடுவில் புத்தகம். ஐயம்பெருமாள் முகத்தில் தண்ணீர் சொட்டப் பின்வாசலில் நிற்கிறார்.

"ஆமாம்மா."

"அப்பம் ஒண்ணு கேக்கேன். சொர்ணத்தோட தம்பி கொழும்புக்குப் போறேன்னு போனவன், திரும்பி வரவே இல்லையே. அவ ஏன் தேடிப் போகல? மடையில உக்காந்துக்கிட்டே இருக்கா. காலுல என்ன வேரா முளைச்சிருக்கு?"

பாக்கியசீலன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்புறம் இன்னொண்ணு. அவ மதினிகாரி சாணியைக் கரைச்சு மூஞ்சில ஊத்துதாளே, அதுக்கு இவ ஒரு வார்த்தை பதில் சொல்லலை. நானா இருந்தா விட்டிருக்கமாட்டேன். நீங்க ஏன் அவளைப் பேசவிடல?"

"அம்மா... நீங்க இதை வாசிச்சிருக்கீங்களா?"

"வாசிக்காம எப்பிடித் தெரியும்? சினிமாவா எடுத்திருக்காவ?"

பாக்கியசீலன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதுக்காரர், கர்சீப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருசம் எழுதினேம்மா. ஒருத்தரும் எங்கிட்டச் சண்டைக்கு வரல. நீங்கதான் முதல்ல."

"எப்பம் வாசிச்ச?" பின்வாசலிலிருந்து ஐயம்பெருமாள் கேட்டார்.

"நீங்க மத்தியானம் நாற்காலியில சாஞ்சு கொறட்டை விடும்போது. இவ மேல சாப்பிட வருவா, நான் கீழ எறங்குவேன். ரேக்குக்குப் பின்னால நின்னு வாசிப்பேன். டிக்கெட் வரைக்குந்தான். அதைத் தாண்டமாட்டேன்."

முப்பது வருசம் புத்தகக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு புத்தகத்தையும் வாசிக்காதவள் கோமு. புத்தகம் என்றால் அவளுக்குத் தூசி, இருமல், தாமதமாக வரும் புருசன். அவள் இப்படிச் சொன்னதும் ஐயம்பெருமாளுக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இரண்டு வருசம் சொல்லாததை அந்த இடத்தில், ஒரு வெளியாள் முன்னால், போட்டு உடைத்துவிட்டார்.

"கோமு, அவன் வாசிக்கல. டிக்கெட்டை நான்தான் நகத்துனேன். அன்னைக்குக் கை தவறி விழுந்துட்டு. அதுலருந்து நான்தான்..."

சித்ரலேகா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அம்மா விழுந்தால் பிடிக்க வேண்டும்.

கோமு விழவில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"களக்காட்டுல உங்க தங்கச்சி மகன் கல்யாணத்துக்குப் போயிட்டு ரெண்டு நாளு வரல நீங்க. ரெண்டு நாளும் டிக்கெட் அசையல. வந்த மறுநாளு அசைஞ்சிட்டு. இதைக் கண்டுபிடிக்க போலீசா வரணும்?"

"தெரிஞ்சுமா இவகிட்ட தினமும் கேட்ட, எங்கன இருக்கான்னு?"

"நீங்க அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டிய. அழவும் மாட்டிய. விடியக்காலம் எந்திச்சு அவன் புத்தகத்தைத் திறக்கியளே, அந்த ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். நான் கேக்கதை நிறுத்திட்டா நீங்க திறக்கதை நிறுத்திருவிய."

கடைக்குள் ஃபேன் சுற்றியது. மேசையில் கிடந்த புத்தகத்தின் அட்டை அந்தக் காற்றுக்குக் கொஞ்சம் எழும்பி எழும்பி அடங்கியது.

பாக்கியசீலன்தான் முதலில் எழுந்தார். "அண்ணாச்சி, புத்தகம் இங்கனயே இருக்கட்டும். இதுக்கு ஒரு வாசகி இருக்காவ. அது போதும் எனக்கு."

"வேண்டாம் சார்" என்றாள் கோமு. "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. நான் சத்தமா வாசிக்கேன். இவுகளும் கேக்கட்டும், நீங்களும் கேளுங்க. முடிச்சிட்டு நீங்க எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு அவுக ஆத்துக்குப் போட்டும். பொய்யோ நெசமோ, அவன் ஆரம்பிச்சதைப் பாதியில விடவேண்டாம்."

யாருக்கும் மறுப்பு இல்லை. சித்ரலேகா முன்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். கோமு ஐயம்பெருமாளின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் தூக்கினாள். சித்ரலேகா இடம் சொல்ல, சண்டை முடிந்து அடித்தவன் ஓடிப்போன பக்கத்தைத் தேடிப் பிரித்தாள்.

அங்கே டிக்கெட் இல்லை.

முன்னால் தள்ளினாள். பின்னால் தள்ளினாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. பிறகு ஏதோ தோன்றிக் கடைசித் தாளைத் திருப்பினாள்.

கதையின் கடைசி வரிக்குக் கீழே, அச்சுக்காரர் போட்டிருந்த பூ வேலைப்பாட்டின் மேல், டிக்கெட் இருந்தது. நேராக, ஓரம் மடங்காமல், வைத்த மாதிரி இருந்தது.

கோமு புருசனைப் பார்த்தாள்.

"நான் வைக்கல" என்றார் ஐயம்பெருமாள். "சித்ரா, நீ பாத்தியேட்டி காலையில! சண்டை முடிஞ்ச எடத்துலதான வச்சேன்?"

"ஆமாப்பா. அங்கதான் வச்சிய."

"சார்வாள்?"

"நான் தொடக்கூட இல்லை அண்ணாச்சி." பாக்கியசீலன் கையை விரித்துக் காட்டினார். "சத்தியமா, கையில எடுக்கவே பயந்துபோய் உக்காந்திருந்தேன். எம்புத்தகத்துக்குள்ள ஒரு டிக்கெட்டு இருந்ததே எனக்கு இப்பந்தான் தெரியும்."

"எம்மா, நீங்களா?" என்றாள் சித்ரலேகா.

"அது அவன் வச்சதுட்டி. நான் அதை ஒரு நாளும் தொட்டதில்ல."

சித்ரலேகா மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா காலையிலிருந்து இந்தப் புத்தகத்தோடு ஒரே கடையில் இருந்தவர். சார் தனியாக உட்கார்ந்திருந்தவர். அவள் காப்பிக்குப் போய் வருவதற்குள் அம்மா கீழே இறங்கியிருக்கிறாள். யாராவது ஒருத்தர் பொய் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று பேர் முகத்திலும் பொய் இல்லை. பின்வாசல் வழியாக ஈரக் காகித வாசனை வந்தது. இன்று அது வழக்கத்தை விட அதிகமாக இருந்தது.

கோமு கடைசிப் பக்கத்தை வாசித்தாள். சத்தமாக அல்ல, மனசுக்குள். சொர்ணம் மடையை விட்டு எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புருசன் கையில் கொடுத்தாள்.

"முடிச்சிட்டான்" என்றாள். அழவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "ஏட்டி, மார்க்கெட் அடைக்கதுக்குள்ள போயிட்டு வா. வாழைக்கா, அகத்திக்கீரை. எள்ளும்."

"எள்ளு எவ்வளவும்மா?"

"ஒரு கைப்பிடி போதும். ஒத்தை ஆளுதான."

அவள் படியேறிப் போனாள். பாக்கியசீலன் செருப்பை மாட்டினார். புத்தகத்தை எடுக்கலாமா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "திங்கக்கிழமை காலையில வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சித்ரலேகா ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

ஐயம்பெருமாள் தனியாக நின்றுகொண்டிருந்தார். புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கதவுப் பக்கம் திரும்பாமல் டிக்கெட்டை உருவி எடுத்தார். பிறகு ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போய், சண்டை நடக்கிற இடமும் தாண்டி, விளக்கெண்ணெய் இரவல் கேட்கிற இடமும் தாண்டி, எங்கோ நடுவில் டிக்கெட்டை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"வாசிலே" என்றார். "மெதுவா வாசி."

கையில் காலிக் கூடையோடு சித்ரலேகா வாசலிலேயே நின்றாள். மாடியில் அம்மா அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது.